மன்னார்குடியில் ஒரு தீவனக் கடை: கொல்லைக் குளத்துக்கு வந்த வரித்தலை வாத்துக்காக மூன்று மாதம் வாங்கிய அனுபவம்

முதல் நாள் அந்தக் கடைக்காரர் எனக்கு எதையும் விற்கவில்லை. வீட்டுக் கொல்லையில் இருக்கும் குளத்தில் ஒரு காட்டு வாத்து வந்து தங்கியிருக்கிறது, அதற்கு என்ன தீனி கொடுக்கலாம் என்று கேட்டுக்கொண்டு, கையில் பணத்தோடு நின்ற என்னிடம் அவர் நான்கு கேள்விகள் கேட்டார். பறவை தானாகக் கரையேறிப் புல் மேய்கிறதா, நீந்தும்போது ஒரு பக்கம் சாய்கிறதா, எச்சம் உருண்டையாக விழுகிறதா தண்ணீராகப் போகிறதா, பக்கத்து வயலில் அண்மையில் குருணை மருந்து, அதாவது மணி மணியாக இருக்கும் பூச்சிமருந்து, போட்டார்களா என்பவை அந்தக் கேள்விகள். மூன்றுக்கு எனக்கு விடை தெரியவில்லை. "பார்த்துட்டு நாளைக்கு வாங்கம்மா, தீனி எங்கேயும் ஓடிப்போயிடாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அன்று எனக்குக் கோபம் வந்தது. பன்னிரண்டு கிலோமீட்டர் பேருந்தில் போய் வெறுங்கையோடு திரும்பியவளுக்கு வரக்கூடிய கோபந்தான். ஆனால் அடுத்த மூன்று மாதமும் நான் வேறு கடைக்குப் போகவில்லை. அந்தக் காரணத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கடையின் பெயரை எழுத வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். என் ஊரின் பெயரையும் நான் எழுதவில்லை, ஏனென்றால் வந்த பறவை அடுத்த கார்த்திகையிலும் வரக்கூடும், அதைப் பார்க்கக் கூட்டம் கூடினால் அதற்குத்தான் கேடு. மன்னார்குடியில் கோழித்தீவனமும் மாட்டுத்தீவனமும் விற்கும் கடைகள் பல உண்டு. இது அவற்றில் சிறியது; ஓட்டுக் கூரை, முன்னால் ஒரு தராசு, உள்ளே இரண்டு வரிசை மூட்டைகள், காலை எட்டரைக்குத் திறந்து மதியம் ஒன்றரைக்குச் சாத்தி, மறுபடி நாலு மணிக்குத் திறக்கும் கடை. ஞாயிற்றுக்கிழமை கிடையாது. வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் வழக்கமும் கிடையாது. கேட்டால்தான் பில் போடுவார்கள். வசதிகளை வைத்து மதிப்பெண் போடுபவர்கள் இந்தக் கடைக்குப் பாதி மதிப்பெண்கூடத் தரமாட்டார்கள்.

முதலில் பறவையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கார்த்திகை மாதக் கடைசியில், இரண்டு நாள் விடாமல் பெய்த மழை ஓய்ந்த காலையில், குளத்தின் நடுவில் அது தனியாக நின்றது. வெள்ளைத் தலையில் பின்பக்கமாக இரண்டு கறுப்புப் பட்டைகள், சாம்பல் நிற உடல், மஞ்சள் அலகு, அதன் நுனியில் ஒரு கறுப்புப் பொட்டு. என் மாமியார் பார்த்த உடனே "அன்னம் வந்திருக்கு" என்றார். எங்கள் வீட்டில் நாச்சியார்கோவில் குத்துவிளக்கு ஒன்று இருக்கிறது, அதன் உச்சியில் நிற்கும் அன்னத்தின் கழுத்தைத்தான் அவர் குளத்தில் கண்டார். வடக்கே பனிநாடுகளில் இருக்கும் வெள்ளை அன்னம் நம் டெல்டாவுக்கு வருவதில்லை. இங்கே வருவது வரித்தலை வாத்து. மங்கோலியாவிலும் திபெத்திலும் லடாக்கிலும் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, குளிர் தொடங்கும்போது இமயமலையைக் கடந்து தெற்கே வரும் பறவை அது. 7,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் அது பறந்தது கருவி பொருத்திப் பதிவு செய்யப்பட்டிருக்கிறது. மங்கோலியாவில் கழுத்துப் பட்டை மாட்டப்பட்ட வரித்தலை வாத்துகளைத் தென்னிந்திய ஏரிகளில் பார்த்திருக்கிறார்கள். கொள்ளிடத்துக்கு வடக்கே, அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரிக்கு அது கூட்டமாக வரும். 2024இல் ராம்சார் தலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட ஏரி அது. ஆயினும் மாமியார் சொன்னதை நான் திருத்தவில்லை. சங்கப் புலவர் பிசிராந்தையார் குமரித்துறையில் அயிரை மேய்ந்து வடமலைக்குத் திரும்பும் அன்னச் சேவலிடம், இடையில் சோழ நாட்டில் இறங்கி உறையூரில் இருக்கும் நண்பனைப் பார்த்துப் போகச் சொன்னார். தெற்கே மேய்ந்து வடக்கே போகும் வழியில் சோழ நாட்டில் இறங்குகிற பறவை என்றால், எங்கள் குளத்தில் நின்றதை அன்னம் என்று அழைப்பதில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அது கூட்டத்தோடு போகாமல் இங்கே தங்கியதற்குக் காரணம் இரண்டாம் நாள் தெரிந்தது. கரையேறும்போது நொண்டியது. வலது காலில் தூண்டில் நரம்பு மூன்று நான்கு சுற்றாகச் சுற்றி, கால் வீங்கியிருந்தது. இடது சிறகும் மடிப்பில் சற்றுத் தொங்கியது. வனத்துறைக்குச் சொன்னோம். அடுத்த நாள் இரண்டு வனக்காப்பாளர்களும் அரசு கால்நடை மருத்துவமனையிலிருந்து ஒரு மருத்துவரும் வந்து, விடியற்காலையில் அதைப் பிடித்து, நரம்பை அறுத்து எடுத்து, காலுக்கு மருந்து போட்டு, சிறகைத் தடவிப் பார்த்து எலும்பு முறியவில்லை என்று சொல்லி, அங்கேயே குளத்தில் விட்டார்கள். நாமாகக் காட்டுப் பறவையைப் பிடிப்பதும் அடைத்து வைப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும், வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே பிடிப்பதையும் அந்தச் சட்டம் அடக்கியிருக்கிறது என்பதையும் பொறுமையாகச் சொன்னார்கள். கொஞ்சம் தானியம் தண்ணீரில் போடலாம், பக்கத்தில் போகக்கூடாது, நாய் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார் மருத்துவர். எந்தத் தானியம், எவ்வளவு, எதைக் கொடுக்கவே கூடாது என்பதெல்லாம் எனக்கு அந்தக் கடையில்தான் கிடைத்தது.

இரண்டாம் முறை போனபோது கேள்விகளுக்கு விடை கொண்டு போயிருந்தேன். அவர் முதலில் கேட்டது வீட்டில் இருப்பதைப் பற்றி. சம்பாவுக்கு வாங்கிய விதை நெல் கால் மூட்டை மீதி இருக்கிறது, அதையே போடலாமா என்று நான் கேட்டவுடன் அவர் முகம் மாறியது. அது பூஞ்சாணக்கொல்லி கலந்து விதை நேர்த்தி செய்த நெல். விதைக்கு மருந்து, வயிற்றுக்கு விஷம் என்று சொல்லி, அந்த மூட்டையைக் குளத்துப் பக்கமே கொண்டுபோகக் கூடாது என்று எச்சரித்தார். குருணை மருந்தைப் பற்றிக் கேட்டதற்கும் காரணம் சொன்னார். கார்போபியூரான் போன்ற குருணை மருந்துகள் பார்ப்பதற்குத் தானிய மணியைப் போலவே இருக்கும், சேற்றில் கிளறும் பறவை அதை மணி என்று நினைத்துக் கொத்தும், சில மணிகளே ஒரு பறவைக்குப் போதும். அதனால் அந்த ஒரு பருவத்துக்காவது எங்கள் வயலிலும், குளத்தை ஒட்டிய பங்காளி வயலிலும் குருணை போடாமல் இருக்க ஏற்பாடு செய்யச் சொன்னார். தீவனம் விற்பவர் தன்னிடம் இல்லாத ஒரு சரக்கைப் பற்றி இவ்வளவு நேரம் பேசியதை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. பங்காளி ஒப்புக்கொண்டது வேறு கதை. அதற்கு என் மாமியார்தான் போய்ப் பேசினார்.

பிறகுதான் விற்றார். கோதுமை இரண்டு கிலோ, உடைத்த மக்காச்சோளம் ஒரு கிலோ, கிளிஞ்சல் தூள் அரைக் கிலோ. மருந்து கலக்காத வீட்டு நெல் இருந்தால் அதையும் ஊறவைத்துச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். அளவு காலையில் ஒரு ஆழாக்கு, அவ்வளவுதான். பறவைக்கு முக்கிய உணவு கரையில் இருக்கும் புல்தான், தானியம் அதற்குத் துணைதான் என்று இரண்டு முறை சொன்னார். வரித்தலை வாத்து மாட்டைப் போல மேயும் பறவை என்பதை நான் பிறகு கண்ணால் கண்டேன். கால் ஆறிய பிறகு, பொழுது சாய்ந்ததும் கரையேறி, அருகம்புல்லை வெட்டியதுபோல ஒரே உயரத்துக்கு மேய்ந்துவிடும். கிளிஞ்சல் தூள் சுண்ணாம்புச் சத்துக்காக. ஆற்று மணல் ஒரு கூடை கரையில் கொட்டிவைக்கச் சொன்னார், அதற்குக் காசு வாங்கவில்லை; பல்லில்லாத பறவை இரைப்பையில் மணலை வைத்துத்தான் தானியத்தை அரைக்கிறது.

தானியத்தைக் கரையில் வைக்காமல் ஆழம் குறைந்த தண்ணீரில் தூவ வேண்டும் என்பது அவர் சொன்ன முறை. கரையில் வைத்தால் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும், நாய் வரும். தண்ணீரில் போட்டால் பறவை கழுத்தை நீட்டி எடுத்துக்கொள்ளும், கால் மணி நேரத்தில் தீராத அளவுக்குப் போடக்கூடாது. மீதி தானியம் அடியில் கிடந்து அழுகினால் தேங்கிய தண்ணீரில் உண்டாகும் நச்சுக் கிருமி நீர்ப்பறவைகளின் கழுத்தைத் தொங்கவைத்துக் கொன்றுவிடும் என்றார். பொட்டுலினம் என்று மருத்துவர்கள் சொல்வதைத்தான் அவர் தன் சொற்களில் சொன்னார் என்பது பின்னால் எனக்குப் புரிந்தது.

இந்தக் கடையின் உண்மையான பெருமை மூட்டைகளை வைத்திருக்கும் முறையில் இருக்கிறது. மார்கழியில் டெல்டாவில் எந்தத் தானியமும் ஈரம் குடிக்கும். சுவரைத் தொட்டால் கை நனையும் காலம் அது. இங்கே ஒரு மூட்டையும் தரையைத் தொடுவதில்லை. மரச்சட்டங்கள் போட்டு, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்கியிருக்கிறார்கள். வாங்குபவர் முன்னாலேயே மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் நிறுப்பார். இதைச் சடங்கு என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிப் பார்த்ததில் பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சாணத்தின் நஞ்சு என்று தெரிந்தது. அஃப்ளாடாக்சின் என்ற பெயர் அப்படித்தான் உலகுக்குத் தெரிய வந்தது. வாத்து இனம் அந்த நஞ்சைத் தாங்காது. கோழி தாங்கும் அளவில் வாத்துக்குஞ்சு செத்துவிடும். நான் மாட்டுக்கு வாங்கும் கடலைப் புண்ணாக்கில் ஒரு துண்டை உடைத்துப் போடலாம் என்று நினைத்திருந்தேன். "புண்ணாக்கு மாட்டோட நிக்கட்டும்மா" என்று ஒரே சொல்லில் மறுத்துவிட்டார்.

சோறு, ரொட்டி, பிஸ்கட், மிக்சர் ஆகியவற்றையும் அவர் மறுத்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அன்பினால்தான் அவற்றைக் குளத்தில் எறிந்தார்கள். பழைய சோறு தண்ணீரில் புளித்து நாறியது. மீனும் காகமும் தின்றதில் பாதியைக்கூட வாத்து தின்னவில்லை. பிள்ளைகளுக்கு வேறு வேலை கொடுத்தேன். அசோலா என்ற மிதக்கும் நீர்ப்பெரணியை வளர்க்க ஒரு தொட்டி போட்டு, தினமும் ஒரு கூடை அள்ளிக் குளத்தில் மிதக்கவிடும் பொறுப்பை அவர்களிடம் விட்டேன். அசோலா விதைக்காக அரைக் கிலோ இந்தக் கடையில்தான் வாங்கினேன். பச்சையாக, உயிரோடு, ஈரச் சாக்கில் கட்டித் தந்தார்கள். அது பத்து நாளில் தொட்டியை மூடியது. வாங்கியவற்றில் மிகச் சிறந்தது இதுதான் என்பேன்.

இப்படி வரும் பறவைகளுக்கு அங்கே என்ன செய்கிறார்கள் என்று இங்கிலாந்தில் இருக்கும் என் அண்ணன் மகளிடம் கேட்டேன். அங்கே தனியார் குளங்களில் வெள்ளை அன்னங்கள் தாமாக வந்து தங்குவது வழக்கம். பத்துக் கிலோவுக்கும் மேல் எடையுள்ள பெரிய பறவைகள், தண்ணீரில் நீண்ட தூரம் ஓடித்தான் எழும்ப முடியும் என்பதால் சிறிய குளத்தில் இறங்கிவிட்டால் வெளியேற முடியாமல் மாட்டிக்கொள்வதும் உண்டாம். அவர்களும் கோதுமையும் கீரையும் தண்ணீரில்தான் போடுகிறார்கள். மிதக்கும் குருணைத் தீவனம் என்று அன்னங்களுக்காகவே பைகளில் விற்கிறார்களாம். அங்கே பல ஆண்டுகள் அன்னங்களைக் கொன்றது மீன்பிடிப்பவர்கள் தூண்டிலில் கட்டும் சிறிய ஈயக் குண்டு. மணல் என்று நினைத்து அதை விழுங்கிய பறவைகள் ஈய நஞ்சினால் செத்தன, 1987இல் அந்தக் குண்டுகளுக்குத் தடை வந்த பிறகுதான் அன்னங்களின் எண்ணிக்கை தேறியது. அதைக் கேட்ட அன்று மாலை நாங்கள் குளக்கரை முழுவதையும் சல்லடை போட்டுத் தேடினோம். பதினேழு ஈயக் குண்டுகளும் ஒரு கைப்பிடி நரம்பும் கிடைத்தன. மீன் குத்தகை எடுத்தவரிடம் சொல்லி, அந்த ஆண்டு தூண்டில் போடுவதை நிறுத்தினோம்.

மிதக்கும் தீவனம் நம் கடையில் இருக்கிறதா என்று கேட்டேன். மீனுக்கான மிதக்கும் தீவனம் இருந்தது. விலையும் அவருக்கு லாபம் தரக்கூடியது. அதைக் கையில் எடுத்துக் காட்டிவிட்டு மறுபடி பையிலேயே போட்டுவிட்டார். வளரும் மீனுக்கான புரதம் அதில் நூற்றுக்கு 28, 30 என்று இருக்கும், முட்டையிடாமல் சும்மா இருக்கும் முதிர்ந்த வாத்துக்கு நூற்றுக்கு 15 அளவு போதும், அதற்குமேல் போனால் சிறுநீரகத்துக்குச் சுமை என்பது அவர் சொன்ன காரணம். அதற்குப் பதிலாக வளர்ந்த வாத்துக்கான குருணைத் தீவனம் இரண்டு கிலோ வேண்டும் என்றேன். அது 50 கிலோ மூட்டையில்தான் வரும். உடைத்தால் மீதி ஈரம் குடிக்கும் என்று பொதுவாக உடைக்க மாட்டார்கள். எனக்காக உடைத்தார்.

இங்கேதான் ஒரு தவறு நடந்தது, அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். தை மாதத்தில் ஒருமுறை கடைக்காரர் இல்லாத நேரத்தில் போனேன். உதவிக்கு நிற்கும் இளைஞர் வாத்துத் தீவனம் என்று சொல்லி ஒரு கிலோ நிறுத்துத் தந்தார். அன்று மாலை நாலரைக்குக் கடைக்காரரே என் தொலைபேசிக்கு அழைத்தார். கணக்கைப் பார்த்தபோது கோழிக்குஞ்சுத் தீவனத்தில் ஒரு கிலோ குறைகிறது, அது உங்களிடம் வந்திருக்கிறது, தயவுசெய்து போட்டுவிடாதீர்கள் என்றார். குஞ்சுத் தீவனத்தில் இரத்தக் கழிச்சல் நோய்க்கான தடுப்பு மருந்து கலந்திருக்கும். கோழிக்குஞ்சு தின்னும் அளவைக் கணக்கிட்டு அந்த மருந்தைக் கலக்கிறார்கள். வாத்து அதைவிட அதிகமாகத் தின்னும், மருந்தும் அதிகமாக உள்ளே போகும். மறுநாள் காலை பையை எடுத்துக்கொண்டு போவதற்குள் அந்த இளைஞரே இரு சக்கர வண்டியில் வீட்டுக்கு வந்து, சரியான தீவனத்தைத் தந்து, தவறானதை வாங்கிக்கொண்டு போனார். வீட்டுக்குக் கொண்டுவந்து தருவதில்லை என்று எழுதினேன் அல்லவா, அந்த ஒரு முறை மட்டும் தந்தார்கள். பைகளின் மேல் பெயர் எழுதி ஒட்டினால் இந்தத் தவறு நடக்காது. அதைச் சொன்னேன். அடுத்த முறை போனபோது எல்லா மூட்டைகளிலும் அட்டை கட்டித் தொங்கியது.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது வலை விஷயந்தான். நாய்களுக்காக வேலி வேண்டும் என்று கேட்டபோது, கோழிப் பண்ணைகளுக்கு விற்கும் மெல்லிய நைலான் வலை 30 மீட்டர் தந்தார், 650 ரூபாய். நரம்பு சுற்றிக் காயப்பட்ட பறவை இருக்கும் குளத்தைச் சுற்றி மெல்லிய வலையைக் கட்டுவது எவ்வளவு பிழையானது என்பது எனக்கும் அப்போது தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. மூன்றாம் நாள் அதில் ஒரு நீர்க்கோழி மாட்டிக்கொண்டது. கத்தரிக்கோலால் வெட்டி விடுவித்தோம், பிழைத்துக்கொண்டது. அன்றே வலையைக் கழற்றி எடுத்துவிட்டு, மூங்கில் தட்டியும் கருவை முள்ளும் வைத்து அடைத்தோம். வெட்டிய வலையைத் திருப்பி எடுக்க முடியாது என்று கடைக்காரர் சொன்னது நியாயமே. ஆனால் தீனியைப் பற்றி அவ்வளவு நுணுக்கமாக யோசிக்கும் ஒருவர் வலையைப் பற்றி யோசிக்காதது எனக்கு இன்றும் ஒரு குறையாகவே இருக்கிறது. தீவனத்தை இந்தக் கடையில் நம்பி வாங்குங்கள். வேலிக்கும் வலைக்கும் வேறு ஆளைக் கேளுங்கள்.

நாயிடமிருந்து காப்பாற்றியது கடைசியில் வேலி மட்டுமல்ல, மிதவையும்தான். நான்கு பிளாஸ்டிக் பேரல்களைக் கட்டி, மேலே மூங்கில் பரப்பி, வைக்கோல் போட்டு, நடுக்குளத்தில் கல் கட்டி நிறுத்தினோம். பேரல்கள் மருந்து வந்தவையா என்று பார்த்து வாங்குங்கள் என்பது மட்டுமே இதில் கடைக்காரர் சொன்ன யோசனை. உண்ணும் எண்ணெய் வந்த பேரல்கள் கிடைத்தன. வைக்கோலை நனைந்த உடனே மாற்ற வேண்டும், பூத்த வைக்கோலின் தூசு பறவையின் நுரையீரலில் போய்ப் பூஞ்சாணமாக வளரும். முதல் வாரம் வாத்து மிதவையின் பக்கமே போகவில்லை. பிறகு இரவெல்லாம் அதன் மேல்தான் நின்றது, ஒற்றைக் காலில், தலையை முதுகில் செருகிக்கொண்டு.

மாசியில் அறுவடை முடிந்தவுடன் வாத்துக்காரர்கள் வந்தார்கள். அறுத்த வயலில் சிந்திய மணியையும் நத்தையையும் மேய்ப்பதற்கு நூற்றுக்கணக்கான வாத்துகளை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராக வருபவர்கள் அவர்கள். எங்கள் குளத்தில் இரவு தங்கவைப்பது பல ஆண்டு வழக்கம். அந்த ஆண்டு வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். 2005இல் சீனத்துச் சிங்ஹாய் ஏரியில் பறவைக் காய்ச்சலால் செத்துக் கிடந்தவற்றில் வரித்தலை வாத்துகள்தான் மிகுதி. காட்டுப் பறவையும் வளர்ப்புப் பறவையும் ஒரே தண்ணீரைக் குடித்தால் எந்தப் பக்கத்திலிருந்தும் எந்தப் பக்கத்துக்கும் நோய் போகலாம், ஒருவரின் பிழைப்பே அதில் போய்விடும். இதை வாத்துக்காரரிடம் நான் சொன்னபோது அவர் என்னைவிட நன்றாகவே அறிந்திருந்தார். மறுப்புச் சொல்லாமல் அடுத்த ஊர் ஏரிக்கு ஓட்டிக்கொண்டு போனார். எங்கள் நாட்டுக் கோழிகளையும் மூன்று மாதம் தெருப்பக்கமே அடைத்து வைத்தோம். குளத்துக்குப் போய்வரும் செருப்பைத் தனியாக வைத்தோம். இதுவும் கடைக்காரர் சொன்னதுதான். தன்னிடம் கோழித்தீவனம் வாங்கும் மற்றவர்களின் கோழிகளையும் அவர் மனத்தில் வைத்துப் பேசினார் என்பது எனக்குத் தெரியும். அதில் தவறு ஒன்றும் இல்லை.

விலையைக் கேட்பவர்களுக்காக எழுதுகிறேன். கோதுமை கிலோ 42 ரூபாய், மொத்தம் எட்டுக் கிலோ. உடைத்த மக்காச்சோளம் 32 ரூபாய், ஐந்து கிலோ. வாத்துக் குருணை 45 ரூபாய், இரண்டு கிலோ. கிளிஞ்சல் தூள் 15 ரூபாய், இரண்டு கிலோ. அசோலாவுக்குச் சிறு தொகை. வலையை நீக்கிப் பார்த்தால் மூன்று மாதத்துச் செலவு 650 ரூபாயைத் தாண்டவில்லை, வலை ஒன்றே அந்தத் தொகையைத் தின்றது. பெரிய கடைகளில் கோதுமை இரண்டு ரூபாய் குறைவாகக் கிடைக்கும். மக்காச்சோளத்தில் ஒருமுறை வண்டு இருந்தது. பையோடு கொண்டுபோய்க் காட்டியவுடன், காரணம் கேட்காமல் மாற்றித் தந்து, மீதி மூட்டையையும் விற்பனையிலிருந்து ஒதுக்கிவிட்டார்.

தை பிறந்த பிறகு தானியத்தைக் குறைக்கச் சொன்னதும் அவர்தான், அது எனக்குக் கடினமாக இருந்தது. பறவை காலையில் மிதவையிலிருந்து இறங்கி என் திசையில் பார்க்கத் தொடங்கியிருந்தது. அதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி இருந்ததை ஒப்புக்கொள்கிறேன். மனிதர் கையைப் பார்த்துப் பழகிய பறவை வழியில் எந்தக் குளத்தில் இறங்கினாலும் மனிதரைப் பார்த்து ஓடாது, எல்லாக் கரையிலும் உங்களைப் போன்றவர்கள் நிற்க மாட்டார்கள் என்று அவர் சொன்னார். ஆழாக்கு அரை ஆழாக்காயிற்று. பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள். மாசி நடுவில் நிறுத்தினேன். தூவுவதும் நானாக இல்லாமல், வேளையும் இடமும் மாற்றி, ஒரு நாள் மாமியார், ஒரு நாள் பண்ணையாள் என்று ஆக்கினோம். பறவை புல்லுக்கும் அறுத்த வயலுக்கும் முழுவதுமாகப் போய்விட்டது. நொண்டல் அதற்கு முன்பே நின்றிருந்தது. சிறகை விரித்துக் குளத்தின் நீளத்துக்கு ஓடி எழும்பி, வயலைச் சுற்றி வந்து இறங்கும் பழக்கத்தைத் தினமும் மாலையில் பார்த்தோம். மேட்டூர் அணை மூடி, வாய்க்காலில் தண்ணீர் நின்று, குளம் படிப்படியாக வற்றத் தொடங்கிய நாட்கள் அவை.

பங்குனி தொடங்கி நாலைந்து நாள் கழித்து, இரவு பதினொரு மணிக்கு மேல், வானத்தில் கூட்டமாக வாத்துகள் கத்திக்கொண்டு போவது கேட்டது. குளத்திலிருந்து ஒரு குரல் பதில் சொன்னது. நாங்கள் யாரும் எழுந்து போகவில்லை. காலையில் மிதவை வெறுமையாக இருந்தது.

அந்த வாரமே, பிரிக்காத கோதுமைப் பை ஒன்றை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேட்கும் கூச்சம் இருந்தது. அவர் கட்டை அவிழ்த்து, வழக்கம்போலக் கையை விட்டு முகர்ந்து பார்த்து, தராசில் வைத்தார். ஒரு கிலோ எண்ணூறு. 75 ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டு, கணக்கு நோட்டில் என் பெயர் இருந்த பக்கத்தைத் திருப்பினார். "எந்த ராத்திரிம்மா?" என்று கேட்டார். சொன்னேன். பாக்கி இல்லை என்று எழுதி, அதன் கீழே அந்தத் தேதியையும் எழுதி வைத்துக்கொண்டார்.